டிஎஸ்3231 ஆர்டிசி மாட்யூல்: பள்ளி மணிக்கு இதைத்தான் போடுகிறேன்

பள்ளிக்கூடங்களுக்குத் தானியங்கி மணிப் பெட்டி செய்து கொடுப்பது என் தொழில். உள்ளே ஒரு ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராமை ஓட்டும் சிப்), ஒரு ரிலே, ஒரு எல்சிடி, நாலு பட்டன், அவ்வளவுதான். பீரியட் மாறும்போது மணி சரியாக அடிக்க வேண்டும். அதற்கான நேரத்தை யார் காப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் பலவற்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது டிஎஸ்3231 ஆர்டிசி (நேரம் காக்கும் கடிகாரச் சிப்) மாட்யூலைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை. ஓரத்தில் இசட்எஸ்-042 என்று அச்சடித்த நீலப் பலகை, பின்பக்கம் பட்டன் பேட்டரி ஹோல்டர், அதைத்தான் சொல்கிறேன். சிப் மிக நல்ல சிப். பலகையைப் போட்ட விதத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் இந்த மாட்யூலை யாரும் பெட்டிக்குள் வைத்து மூடக் கூடாது. இரண்டையும் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள், "அண்ணா, மைக்ரோகன்ட்ரோலருக்கு எந்த க்ளாக் போடுறது?" என்று கேட்கிறார்கள். அதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. சிப் ஓடுவதற்கு ஒரு துடிப்பு வேண்டும். மணி என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளவும் ஒரு துடிப்பு வேண்டும். முதலாவது வேகமாக இருக்க வேண்டும், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பல வேலைகளில் பாதகமில்லை. இரண்டாவது மெதுவாக இருந்தால் போதும், ஆனால் பிசகவே கூடாது, கரண்ட் போனாலும் நிற்கக் கூடாது. இந்த இரண்டு வேலையையும் ஒரே கிரிஸ்டலின் (துடிப்பைத் தரும் குவார்ட்ஸ் துண்டு) தலையில் கட்டுவதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர்.

ஏடிமெகா328பி சிப்புக்குள்ளேயே 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்சி ஆசிலேட்டர் (கிரிஸ்டல் இல்லாமல் ரெசிஸ்டர், கெப்பாசிட்டரால் துடிக்கும் சுற்று) இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போது அதை எட்டால் வகுக்கும் ஃபியூஸ் (சிப்புக்குள் எழுதிவைக்கும் அமைப்பு, மின் ஃபியூஸ் அல்ல) போட்டிருப்பதால் சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். லோ ஃபியூஸில் அதை மாற்றினால் முழு 8 கிடைக்கும். இதன் துல்லியத்துக்கு டேட்டாஷீட் தரும் உத்தரவாதம், கம்பெனி அளவீட்டில் கூட்டிக் குறைத்து 10 சதவீதம். நாமே ஒரு வோல்டேஜிலும் வெப்பத்திலும் வைத்து அளந்து திருத்தினால் 1 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம். 1 சதவீதம் என்றால் சின்ன எண் போலத் தெரியும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அதில் நூற்றில் ஒன்று 864 விநாடி, அதாவது 14 நிமிடம் 24 விநாடி. ஒரே நாளில் அவ்வளவு தவறும் கடிகாரத்தை எந்தத் தலைமையாசிரியர் ஏற்றுக்கொள்வார்?

ஆர்டுயினோ ஊனோ (இதே ஏடிமெகா328பி உள்ள ரெடிமேட் பலகை) வைத்து மணி செய்பவர்கள், அதில் 16 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறதே என்று நம்பி, மில்லி விநாடிக் கணக்கை வைத்தே நேரம் ஓட்டுகிறார்கள். ஊனோ ஆர்3 பலகையில் பளபளவென்று தெரியும் அந்த உலோக கிரிஸ்டல் யுஎஸ்பி சிப்புக்கானது. ஏடிமெகா328பிக்கு இருப்பது பக்கத்தில் பொடியாக ஒட்டியிருக்கும் செராமிக் ரெசனேட்டர். அதன் பிசகு அரை சதவீதம் வரை போகலாம், அதாவது ஒரு நாளுக்கு 7 நிமிடம் 12 விநாடி வரை. நல்ல குவார்ட்ஸ் கிரிஸ்டலே போட்டு 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு இரண்டரை விநாடி தவறும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரண்ட் போனால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும்.

சிலர் மெயின்ஸ் கரண்டின் 50 ஹெர்ட்ஸையே எண்ணலாம் என்பார்கள். நம் நாட்டு மின்தொகுப்புக்கு வகுத்திருக்கும் எல்லையே 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை. 49.95இல் நாள் முழுக்க நின்றால் 86 விநாடி போய்விடும். மின்வெட்டு வந்தால் எண்ணுவதற்கே எதுவும் இல்லை. அந்த யோசனையை அப்படியே விட்டுவிடலாம்.

ஆகவே என் பெட்டியில் சிப் ஓடுவதற்கு உள் ஆர்சி ஆசிலேட்டரையே வைத்துவிட்டேன். கிரிஸ்டலும் இல்லை, 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டும் இல்லை. இரண்டு பின் மிச்சம், அவற்றில் இரண்டு பட்டன்களை இணைத்திருக்கிறேன். எல்சிடிக்கும் ரிலேக்கும் ஐ2சிக்கும் (சிப்கள் தமக்குள் பேசும் இரண்டு கம்பி லைன்) க்ளாக் சில சதவீதம் முன்னே பின்னே இருந்தாலும் ஒன்றும் தெரியாது. சீரியல் வழியாகப் பேசுவதாக இருந்தால் கதை வேறு. ப்ளூடூத் மாட்யூலோ ஆர்எஸ்-485 லைனோ இருக்கும் பெட்டிக்குக் கண்டிப்பாகக் கிரிஸ்டல் போடுங்கள். சீரியலில் இரண்டு பக்கத்து வேகமும் சுமார் இரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். வெயிலில் ஆர்சி ஆசிலேட்டர் நகர்ந்துவிட்டால் எழுத்துகள் குப்பையாக வரும். கல்லூரி லேபில் 8051 மைக்ரோகன்ட்ரோலர் படித்தவர்களுக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற வினோத எண் நினைவிருக்கும். அதை 12ஆலும் 32ஆலும் வகுத்தால் 28,800. அது சீரியலின் வழக்கமான வேகமான 9600க்குச் சரியாக மூன்று மடங்கு. 12 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 31,250 வரும், 9600ஆல் மீதமில்லாமல் வகுபடாது. அந்தக் கிரிஸ்டலைத் தேடித் தேடி வாங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஃபியூஸ் மாற்றும்போது மட்டும் கவனம். ஊனோவிலிருந்து கழற்றிய சிப்பை பிரெட்போர்டில் கிரிஸ்டல் இல்லாமல் வைத்தால் ஓடாது. அதன் ஃபியூஸ் வெளிக் கிரிஸ்டலை எதிர்பார்த்து நிற்கும். சிப் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு கிரிஸ்டலை வைத்து எழுப்பி, ஃபியூஸை மாற்றிவிட்டுக் கழற்றிக்கொள்ளலாம்.

சரி, இப்போது நேரம் காக்கும் வேலைக்கு வருகிறேன். டிஎஸ்3231க்கு முன் எல்லாரும் போட்டது டிஎஸ்1307. இன்றும் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான், விலை குறைவு என்பதால். அதற்கு வெளியே 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று வேண்டும், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய உலோகக் குழாய் மாதிரி இருக்குமே, அது. 32,768 என்பது இரண்டின் 15ஆம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு. கைக்கடிகாரத்திலிருந்து சுவர்க் கடிகாரம் வரை எல்லாவற்றிலும் இருப்பது இதே கிரிஸ்டல்.

இந்தக் கிரிஸ்டலுக்கு ஒரு குணம் உண்டு. சுமார் 25 டிகிரியில்தான் அது சரியாகத் துடிக்கும். அதிலிருந்து சூடு ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகிவிடும். எவ்வளவு மெதுவாகும் என்பது வெப்ப வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. டிகிரி வர்க்கத்துக்கு ஏறக்குறைய 0.034 பிபிஎம் என்று கணக்கு. கையில் கட்டும் கடிகாரம் உடல் சூட்டிலேயே இருப்பதால் பெரிதாகத் தெரியாது. நம் ஊரில் மணிப் பெட்டி எங்கே மாட்டப்படுகிறது? பெரும்பாலும் ஆபீஸ் அறை வராந்தாவில், மேற்குப் பார்த்த சுவரில், இரும்புப் பெட்டிக்குள், ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில். உள்ளே 50 டிகிரி என்று வையுங்கள். வித்தியாசம் 25, அதன் வர்க்கம் 625, 0.034ஆல் பெருக்கினால் 21 பிபிஎம். நாளுக்கு 1.8 விநாடி பிந்தும். இரவில் ஆறிவிடுவதால் சராசரி இதைவிடக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கிரிஸ்டலுக்குப் பிறவியிலேயே 20 பிபிஎம் பிசகு இருக்கலாம். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் மாதத்துக்கு ஒன்றரை நிமிடம் வரை போய்விடும். ஆசிரியர்கள் எல்லாரும் செல்ஃபோன் நேரத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். அது நெட்வொர்க்கிலிருந்து வரும் நேரம், பிசகாது. இரண்டு மாதம் கழித்து, "தம்பி, பெல் ரெண்டு நிமிஷம் லேட்டா அடிக்குது" என்று ஃபோன் வரும். கோடைக்குப் பிறகு இந்த ஃபோன்கள் அதிகமாக வந்ததுதான் என்னை டிஎஸ்3231 பக்கம் திருப்பியது.

டிஎஸ்3231இல் கிரிஸ்டல் சிப்புக்கு உள்ளேயே இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு வெப்பமானியும் இருக்கிறது. 64 விநாடிக்கு ஒரு முறை சிப் தன் வெப்பத்தை அளக்கும். இந்த வெப்பத்துக்கு இந்தக் கிரிஸ்டலுக்கு எவ்வளவு கெப்பாசிட்டன்ஸ் வேண்டும் என்று உள்ளே உள்ள அட்டவணையைப் பார்த்து, அதற்கேற்பக் குட்டிக் கெப்பாசிட்டர்களைச் சேர்க்கும், கழற்றும். அதனால் 0 முதல் 40 டிகிரி வரை பிசகு 2 பிபிஎம், ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். 40ஐத் தாண்டி 85 வரை போனாலும் 3.5 பிபிஎம்தான், வருடம் முழுக்க அப்படியே சூட்டில் கிடந்தாலும் இரண்டு நிமிடத்துக்குள். டிஎஸ்1307 மாதத்தில் விடுவதை இது வருடத்தில்தான் விடுகிறது.

எனக்கு இதைவிடப் பெரிய நிம்மதி, கிரிஸ்டலுக்கு வெளியே கால்களே இல்லை என்பது. 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் மிக நுண்ணிய மின்சாரத்தில் துடிப்பது. டிஎஸ்1307இன் கிரிஸ்டல் கால்களுக்கு இடையில் சால்டரிங் ஃபிளக்ஸ் கொஞ்சம் மிஞ்சிவிட்டால் போதும், மழைக்காலத்தில் ஈரம் பிடித்துக் கசிவு ஏற்படும். கடிகாரம் முந்தும், பிந்தும், சில நேரம் நின்றே போகும். ஆஸிலாஸ்கோப் ப்ரோபை அந்தக் காலில் வைத்தால் ப்ரோபின் கெப்பாசிட்டன்ஸே துடிப்பை மாற்றிவிடும், பிறகு எதை அளந்தோம் என்றே தெரியாது. டிஎஸ்3231இல் இந்தக் கவலை எதுவும் இல்லை. துடிப்பை அளப்பதற்கென்றே 32 கிலோஹெர்ட்ஸ் பின் ஒன்றைத் தனியாக வெளியே விட்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும், பலகையைக் கழுவ அல்ட்ராசோனிக் தொட்டியில் போடாதீர்கள். உள்ளிருக்கும் கிரிஸ்டல் அடிபடும் என்று டேட்டாஷீட்டே எச்சரிக்கிறது.

வெப்பமானியின் அளவை நாமும் படிக்கலாம், கால் டிகிரி படிகளில் வரும். மூன்று டிகிரி வரை பிசகலாம் என்பதால் அறை வெப்பம் காட்ட இதை நம்ப வேண்டாம். பெட்டிக்குள் நிலவரம் தெரிய இது தாராளம். என் பெட்டிகளில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் இந்த எண் எல்சிடியில் வரும். மார்ச் மாத மதியத்தில் ஒரு பள்ளியில் அழுத்திப் பார்த்தேன், 45ஐத் தாண்டிக் காட்டியது. அதன்பிறகு பெட்டியில் காற்றோட்டத் துளைகளைக் கூட்டினேன்.

இப்போது குறைக்கு வருகிறேன். மாட்யூல் பலகையில், 5 வோல்ட் லைனிலிருந்து ஒரு கண்ணாடி டயோடும் 201 என்று எண் போட்ட 200 ஓம் ரெசிஸ்டரும் வழியாக பேட்டரிக்கு ஒரு பாதை போகிறது. எல்ஐஆர்2032 என்ற சார்ஜ் ஏறும் பேட்டரிக்காக வைத்தது. கடையில் நமக்குக் கிடைப்பதும், நாம் வாங்கிப் போடுவதும் சிஆர்2032. அது சார்ஜ் ஏற்றக் கூடாத லித்தியம் பேட்டரி. டயோடில் 0.6 வோல்ட் கழித்தால்கூட 4.4 வோல்ட் பேட்டரியின் மேல் இரவு பகலாக உட்கார்ந்திருக்கும். பேட்டரி உப்பும், கசியும், அதற்கு மேலும் போகலாம். எல்ஐஆர்2032க்கே உச்ச வரம்பு 4.2 வோல்ட்தான், ஆக அதற்கும் இந்த 4.4 அதிகம். யாருமே எட்டிப் பார்க்காத சுவர்ப் பெட்டிக்குள், குழந்தைகள் படிக்கும் இடத்தில் இப்படி ஒன்றை வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

தீர்வு மிகச் சுலபம். சால்டரிங் அயர்னின் நுனியில் கொஞ்சம் ஈயம் ஏற்றி, அந்த 201 ரெசிஸ்டரின் இரண்டு முனையையும் மாறி மாறிச் சூடாக்கினால் நுனியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு மல்டிமீட்டரை பேட்டரி ஹோல்டரில் வைத்து, பேட்டரி இல்லாமல் 5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். 4.4க்குப் பக்கத்தில் எதுவும் காட்டக் கூடாது. கடிகாரம் பேட்டரியிலிருந்து ஓடுவதற்கு இந்தப் பாதை தேவையே இல்லை, அதற்கு வேறு லைன் இருக்கிறது. மாட்யூலை 3.3 வோல்ட்டில் ஓட்டினால் டயோடு தாண்டி 2.7தான் வரும், 3 வோல்ட் பேட்டரிக்குள் அது ஏறாது. டிஎஸ்3231 2.3 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும் என்பதால் ஈஎஸ்பி32 (3.3 வோல்ட்டில் ஓடும் வைஃபை மைக்ரோகன்ட்ரோலர்) வைத்திருப்பவர்கள் 3.3இலேயே இணைக்கலாம். ஐ2சி லைன்களை மேல் வோல்டேஜில் பிடித்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர்களும் அதே வோல்டேஜில் இருக்கும், ஈஎஸ்பி32க்கு அதுவும் நல்லது. இருந்தாலும் நான் ரெசிஸ்டரைக் கழற்றிவிடத்தான் சொல்வேன். நாளைக்கு வேறொருவர் இதே மாட்யூலை எடுத்து 5 வோல்ட்டில் மாட்டலாம்.

பேட்டரியில் ஓடும்போது சிப் இழுப்பது வழக்கமாக ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. கோடை விடுமுறையில் ஆபீஸ் மெயினை அணைத்துவிட்டுப் போனாலும் ஜூன் மாதம் வந்து போட்டால் நேரம் அப்படியே இருக்கும். பேட்டரியே தீர்ந்து கடிகாரம் நின்றிருந்தால் அதையும் சிப் சொல்லும். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் (சிப் தன் நிலவரத்தை எழுதிவைக்கும் இடம்) ஆசிலேட்டர் நின்றதற்கான பிட் ஒன்று இருக்கிறது. பவர் வந்ததும் என் புரோகிராம் முதலில் அதைத்தான் படிக்கும். அந்த பிட் ஏறியிருந்தால் மணி அடிக்காது, "நேரம் அமைக்கவும்" என்று எல்சிடியில் நிற்கும். தப்பான நேரத்தில் அடிக்கும் மணியைவிட அடிக்காத மணி மேல். அலுவலக உதவியாளர் கையால் அடித்துக்கொள்வார்.

மாட்யூலில் கூடவே 4 கிலோபைட் ஈஈப்ராம் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) ஒன்றும் வருகிறது. பீரியட் அட்டவணையையும் விடுமுறைப் பட்டியலையும் அதில் வைத்திருக்கிறேன். மெயின் பலகை போனால் மாட்யூலை மட்டும் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டினால் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

அடுத்தது அசல் போலி விஷயம். டிஎஸ்3231 டல்லஸ் செமிகண்டக்டர் வழி வந்த சிப். டல்லஸை 2001இல் மாக்ஸிம் வாங்கியது, மாக்ஸிமை 2021இல் அனலாக் டிவைசஸ் வாங்கியது. அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் இந்தச் சிப் ஒன்றை மட்டும் வாங்கும் விலை, சென்னை ரிச்சி தெருவில் பேட்டரி ஹோல்டரோடு முழு மாட்யூலுக்குக் கேட்கும் விலையைவிட அதிகம். அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். மாட்யூல்களில் பழைய பலகையிலிருந்து கழற்றிய சிப்பும் இருக்கும், வேறு வகைச் சிப்பும் இருக்கும். அடிக்கடி வருவது டிஎஸ்3231எம். அதில் குவார்ட்ஸ் இல்லை, மெம்ஸ் ரெசனேட்டர் (சிலிக்கனில் செதுக்கிய நுண் துடிப்பான்). துல்லியம் 5 பிபிஎம், மாதத்துக்கு 13 விநாடி வரை தவறலாம். அதுவும் மோசமில்லை, டிஎஸ்1307ஐவிட எவ்வளவோ மேல். ஆனால் 2 பிபிஎம் என்று நம்பிக் காசு கொடுத்தவருக்கு அது வேறு பொருள்தான். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எஸ்க்யூடபிள்யூ பின்னில் (சதுர அலை வெளிவரும் கால்) 8.192 கிலோஹெர்ட்ஸ் வரும்படி கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் எழுதுங்கள். டிஎஸ்3231 அதைக் கொடுக்கும். எம் வகை 1 ஹெர்ட்ஸ் மட்டுமே தரும். வாங்கி வந்த மாட்யூல் ஒவ்வொன்றையும் இந்தச் சோதனையில் விட்டுத்தான் எடுக்கிறேன்.

நல்ல சிப்பையும் இன்னும் கூர்மையாக்கலாம். ஹெக்ஸில் 10 என்ற முகவரியில் ஏஜிங் ரெஜிஸ்டர் இருக்கிறது. ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய 0.1 பிபிஎம். கூட்டினால் கடிகாரம் மெதுவாகும், மைனஸில் கொடுத்தால் வேகமாகும். மாட்யூலை ஒரு மாதம் மேஜையில் ஓடவிட்டு, என்டிபி நேரத்தோடு, அதாவது இணையத்தில் சர்வர் தரும் நேரத்தோடு, ஒப்பிட்டுப் பாருங்கள். மாதத்தில் 3 விநாடி முந்தினால் அது 1.16 பிபிஎம், 12 என்று எழுதினால் சரியாகிவிடும். ஒப்பிடுவதற்கு டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரை வைத்துக்கொள்கிறேன். இந்திய நேரத்தைக் காக்கும் பொறுப்பே அவர்களுடையது. நேரம் அமைக்கும்போது, கம்பைல் ஆன நேரத்தை அப்படியே எழுதும் லைப்ரரி உதாரணத்தை நம்ப வேண்டாம், அப்லோட் ஆகும் சில விநாடிகள் அதிலேயே போய்விடும். விநாடி ரெஜிஸ்டரில் எழுதும் கணத்தில் சிப்பின் உள் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். அதனால் ஃபோனில் விநாடி மாறும் அந்தக் கணத்தில் பட்டனை அழுத்தி எழுதுவதுதான் என் வழக்கம்.

எல்லாருக்கும் இது வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பெட்டியில் வைஃபை எப்போதும் கிடைக்கும் என்றால் ஈஎஸ்பி32 என்டிபியிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும், ஆர்டிசி இல்லாமலே ஓட்டலாம். நான் பெட்டி மாட்டும் பல பள்ளிகளில் வைஃபை தலைமையாசிரியர் அறையோடு நின்றுவிடும், அதுவும் பில் கட்டும் வரைதான். வருடக்கணக்கில் பேட்டரியிலேயே ஓட வேண்டிய சின்னப் பதிவுக் கருவி என்றால், ஏடிமெகா328பியின் கிரிஸ்டல் கால்களிலேயே 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலை மாட்டி, டைமர் 2இல் 128ஆல் வகுத்துவிடுங்கள். 256 எண்ணி முடிக்கும்போது சரியாக ஒரு விநாடி, மற்ற நேரமெல்லாம் சிப் தூங்கலாம். சிப் ஓட உள் ஆர்சி இருக்கவே இருக்கிறது. வெப்பத் திருத்தம் கிடைக்காது, ஆனால் வீட்டுக்குள் நிழலில் வைக்கும் கருவிக்கு அது போதும்.

மணிப் பெட்டி, தெருவிளக்கு டைமர், சொட்டுநீர் வால்வு என்று வெயிலில் கிடக்கும் எதற்கும் டிஎஸ்3231 வாங்குங்கள். பேட்டரி இல்லாத மாட்யூலாகக் கேளுங்கள், 201 ரெசிஸ்டரை அன்றைக்கே கழற்றுங்கள், பிராண்டட் சிஆர்2032 ஒன்றைத் தனியாக வாங்கிப் போடுங்கள்.